இருவருக்கும் ஒரே கல்லூரி

ஜூன் 30, திங்கள்

எங்கள் இரட்டையர்களில் குழலிக்குப் பொறியியல் கட்-ஆஃப் இருநூறுக்கு 194.5. செந்தூரனுக்கு 148. இருவரும் ஒரே கல்லூரியில் படிப்பார்கள் என்று என் கணவர் முடிவு செய்திருக்கிறார். நடுவில் ஒரு வாக்கியம் விடுபட்டதுபோல் எனக்குத் தோன்றியது. அவருக்குத் தோன்றவில்லை. மற்றபடி எனக்கு இதில் தனிக் கருத்து எதுவும் இல்லை.

காரணம் கேட்டேன். "ஒரே காலேஜ், ஒரே பஸ்ஸு, ஒரே கவலை," என்றார். "பொம்பளப் பிள்ளைய எங்கயோ தனியா விட்டுட்டு இங்க நம்ம தூங்க முடியுமா? கூடப்பொறந்தவன் பக்கத்துல இருந்தா ஒரு காவலு."

காவலன் அப்போது ஒரு காலில் சாக்ஸுடன் அதன் ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தான்.

இதில் ஒரு சிக்கல். கலந்தாய்வு இணையத்தில் நடக்கிறது. மதிப்பெண் அதிகமுள்ளவர்களுக்கு முதல் சுற்று, குறைந்தவர்களுக்குக் கடைசிச் சுற்று. குழலி ஜூலை 16 மாலை ஐந்து மணிக்குள் தனக்கு வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுத்தாக வேண்டும். செந்தூரன் முறை ஆகஸ்டில்தான். ஆகவே அவனுக்கு ஆகஸ்டில் எங்கே இடம் கிடைக்கும் என்று இப்போதே கணித்து, அந்த இடத்தை அவள் ஜூலையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். போன ஆண்டு 148-க்குக் கிடைத்த கல்லூரிகளை அவர் எடுத்து வைத்திருக்கிறார். ஆறு தேறின. வியாழன் முதல் சனி வரை காரில் போய்ப் பார்க்கிறோம்.

ஜூலை 1, செவ்வாய்

என் கணவர் குற்றாலிங்கம் கூட்டுறவுத் துறையில் தணிக்கை அலுவலர். கல்லூரிகளைப் பார்வையிட ஒரு படிவம் தயாரித்திருக்கிறார். முப்பத்திரண்டு இனங்கள். முதல் இனம், சுற்றுச்சுவரின் உயரம். இரண்டாவது, பெண்கள் விடுதிக் காப்பாளரின் வயது. பாடம் நடத்தும் விதம் இருபத்தேழாவது.

அவர் கையெழுத்து அவருக்கே புரியாது என்பதால் கல்லூரிக்கு ஒன்றாக ஆறு நகல்களையும் நானே எழுதினேன். தென்காசிக் கிளை நூலகத்தில் பத்தொன்பது ஆண்டாக நூல்விவர அட்டை எழுதுகிறேன். படிவம் அழகாக வந்தது.

மாலையில் நான்கு பேருக்கும் துணி அடுக்கினேன். செந்தூரனின் இன்னொரு சாக்ஸ் காரில் கிடைத்தது.

ஜூலை 2, புதன்

குழலிக்கு வேண்டியது புவித்தகவலியல். சென்னையில் ஓர் அரசுக் கல்லூரியில் இருக்கிறது. செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தை அளப்பது, வரைபடம் ஆக்குவது, வெள்ளம் எங்கே வரும் என்று முன்கூட்டிச் சொல்வது. இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள். இது நான்காவது முறை.

"மேப்பா? அதான் எல்லாத்தையும் போட்டு முடிச்சு போன்லயே வச்சிருக்கானேட்டி. இனி நீ போய் என்னத்தப் போடப்போற?"

"எப்பா, போன்ல நம்ம தெரு வாய்க்காலுக்குள்ள இருக்கு."

"அது அவன் தப்பு."

"அதத் திருத்த ஆள் வேணும்லாப்பா."

அவர் எனக்கு ரசம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். சென்னைக் கல்லூரி பயணத் திட்டத்தில் இல்லை. அறுநூறு கிலோமீட்டர், மேலும் 148-க்கு அங்கே வாயிற்காவலர் வேலைகூடக் கிடைக்காது.

ஜூலை 3, வியாழன்

காலை ஆறுக்குப் புறப்பட்டோம். ஓட்டுநர் அவர். பக்கத்தில் செந்தூரன், ஆண்பிள்ளை முன்னால் உட்கார வேண்டும் என்பதால். வழி சொல்வது பின்னாலிருந்து குழலி. ஆலங்குளம் தாண்டியதும் இடப்பக்கம் திரும்பச் சொன்னாள். அவர் நேராகப் போனார். நாற்பது நிமிடம் கழித்து ஒரு கல்குவாரியில் நின்றோம். "இந்தப் பக்கமும் பாத்த மாதிரி ஆச்சு," என்றார்.

முதல் கல்லூரி பொட்டல் நடுவே இருந்தது. மக்கள் தொடர்பு அலுவலர் ஒருவர் காபியும் முந்திரி பிஸ்கட்டும் கொடுத்து, கடந்த ஆண்டின் சாதனை மாணவர்களின் பதாகை முன்னால் எங்களை நிறுத்தினார். ஆய்வுக்கூடம் பார்க்கலாமா என்று குழலி கேட்டாள். சாவி வைத்திருப்பவர் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னார்கள். நான்கு பேரும் வரிசையாகப் பார்த்தோம். உள்ளே சில பொருள்கள் பாலித்தீன் உறைக்குள் பாதுகாப்பாக இருந்தன.

அதற்குள் என் கணவர் சுற்றுச்சுவரைத் தன் குடையால் அளந்துவிட்டார். ஒன்பதடி, மேலே கண்ணாடிச் சில்லு. முதல் இனத்தில் முழு மதிப்பெண்.

"இவ்வளவு மார்க் எடுத்த பிள்ள எங்க காலேஜுக்கு வந்ததே இல்ல சார்," என்றார் அலுவலர். இவருக்குப் பெருமை. இதை ஒரு எச்சரிக்கையாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குப் பட்டது. படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

இரண்டாவது கல்லூரியைப் பற்றி எழுத எதுவும் இல்லை. அங்கும் எதுவும் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

கோவில்பட்டி லாட்ஜில் காலை இட்லி. இவர் சட்டையில் சாம்பார் சிந்திவிட்டது. ஈரத்துணியால் துடைத்தேன், கறை இன்னும் பரவியது.

இன்றைக்கு மூன்றாவதும் நான்காவதும். நான்காவது கல்லூரியை விரிவாக எழுத வேண்டும்.

ஒழுக்கத்துக்குப் பெயர் பெற்றது என்று இவர் அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஆண்களுக்கு ஒரு மாடிப்படி, பெண்களுக்கு ஒரு மாடிப்படி. பேருந்தில் முன்பக்கம் பெண்கள், பின்பக்கம் ஆண்கள், நடுவில் ஒரு வரிசை காலி. உணவகத்தில் தகரத் தடுப்பு. வளாகத்துக்குள் மாணவனும் மாணவியும் பேசினால் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு பெற்றோரை வரவழைப்பார்கள். ஒழுங்குக் குழுவின் தலைவர் இதையெல்லாம் எங்களை நடத்திக்கொண்டே விளக்கினார். எந்திரவியல் பேராசிரியராம். சட்டைப்பையில் நான்கு அடையாள அட்டைகள் துருத்திக்கொண்டிருந்தன. அன்றைய பறிமுதல்.

என் கணவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. முப்பத்திரண்டு இனத்தில் முப்பதைத் தாண்டும் என்று தோன்றியது. அப்போது செந்தூரன் கேட்டான்.

"சார், நாங்க ரெண்டு பேரும் இங்க சேந்தா நான் இவகிட்ட பேசலாமா?"

"பேசக்கூடாது தம்பி."

"இவ என் அக்கா சார். ட்வின்ஸ். பதினோரு நிமிஷம் மூத்தவ."

பேராசிரியர் சலிப்போடு சிரித்தார். "இங்க எல்லாருமே அக்கா தம்பி, அண்ணன் தங்கச்சின்னுதான் சொல்லுதாங்க."

என் கணவர் குறுக்கிட்டு உண்மையிலேயே உடன்பிறந்தவர்கள் என்றார். அப்படியானால் குடும்ப அட்டை நகலோடு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். முதல்வர் ஒப்புதல் தந்ததும் வெள்ளிக்கிழமை மதியம் பத்து நிமிடம், பார்வையாளர் அறையில், ஒரு ஆசிரியை முன்னிலையில் பேசிக்கொள்ளலாம்.

"அப்போ நான் எப்பிடி சார் காவல் காக்க?" என்றான் செந்தூரன்.

"நீ எதுக்குக் காக்கணும்? அதுக்குத்தான் நாங்க இருக்கோம்லா."

குழலி சிரிப்பை அடக்க முடியாமல் பெண்கள் மாடிப்படிப் பக்கம் போய்விட்டாள். நான் கைப்பையில் எதையோ தேடினேன். இவர் மட்டும் சிரிக்கவில்லை. காரில் ஏறியதும் படிவத்தை நிரப்பச் சொன்னார்; நான் எழுதினேன். முப்பத்திரண்டுக்கு முப்பத்தொன்று. ஒரு மதிப்பெண் குறைந்தது குடிநீருக்கு.

"எப்பா," என்றான் செந்தூரன். "பேசவே கூடாதுன்னா இவ சென்னைல இருந்தா என்ன, பக்கத்து மாடில இருந்தா என்ன? சென்னைல இருந்தா போனாவது போடலாம்."

"ஏலே, ரோட்டப் பாரு."

"நீங்கதான ஓட்டுதீங்க."



ஜூலை 5, சனி

மதுரைக்கு வெளியே ஐந்தாவது கல்லூரி. இவர் விடுதியைப் பார்க்கப் போனபோது நான் நூலகத்துக்குப் போனேன். தொழில் பழக்கம். புத்தகங்கள் கண்ணாடி அலமாரிகளில், பூட்டோடு. வழங்கல் பதிவேட்டைப் புரட்டினேன். கடைசிப் பதிவு போன ஆண்டு மார்ச் 11. எடுத்தது ஒரு பேராசிரியர். தலைப்பு, நேர்முகத் தேர்வில் வெல்வது எப்படி. திருப்பிக் கொடுக்கவில்லை. வென்றுவிட்டார்போல.

நூலகர் இளம்பெண். "பிள்ளைங்க எடுக்க மாட்டாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"எடுத்தா அழுக்காயிரும்னு சொல்லுதாங்கக்கா. இன்ஸ்பெக்‌ஷன் வரும்லா."

படிவத்தில் நூலகம் இருபத்தொன்பதாவது இனம். "உண்டு / இல்லை" என்பதில் ஒன்றைச் சுழிக்க வேண்டும். "உண்டு" என்று சுழித்தேன். வெளியே வந்து படியில் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். வெயில்.

குழலி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அலைபேசியில் சென்னைக் கல்லூரியின் வரைபடத்தைக் காட்டினாள். அவளே போட்டது. விடுதியிலிருந்து துறைக்கு ஒன்பது நிமிடம், மழைக்காலத்தில் பின்வாசல் வழியாகப் பதின்மூன்று. எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும் என்பதற்கு நீலப்புள்ளி. இதுவரை சென்னைக்கே போகாதவள்.

"எம்மா, நீ அப்பாட்ட சொல்லேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லுத? அப்பாகிட்ட சொல்லு."

"சொல்லியாச்சு. நீ சொல்லல்ல."

ஆறாவது கல்லூரிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

வீடு. ஆறு பேன்ட், ஒன்பது சட்டை, நான்கு சுடிதார் துவைத்தேன். சாம்பார்க் கறை போகவில்லை. மதிப்பெண்களைக் கூட்டியதில் நான்காவது கல்லூரி முதலிடம்.

ஜூலை 9, புதன்

நூலகத்தில் ஆள் குறைவு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற நாலு பேர், மின்விசிறிக்காக வருகிற ஒருவர்.

செந்தூரனின் காவலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். என்னையும் அண்ணன் படித்த கல்லூரியில்தான் சேர்த்தார்கள். துணைக்கு. அவன் இரண்டாம் ஆண்டில் மூன்று தாள் தவறி நின்றுவிட்டான். நான் அங்கேயே முடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. வேறோர் ஊரில் வேறொன்று படிக்க இடம் வந்திருந்தது. அந்தக் கடிதம் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியாது. நான் வைத்துக்கொள்ளவில்லை.

இதை எழுதவேண்டிய அவசியமில்லை. எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாக இருக்கும்.

ஜூலை 12, சனி

காலை தோசைக்கு நடுவே செந்தூரன் அப்பாவிடம் சொன்னான்.

"எப்பா, நாப்பது வயசுல இவ என்னைப் பாக்கும்போதெல்லாம் 'உன்னாலதான்'னு சொல்லுவா. என்னால அதக் கேக்க முடியாது."

"இப்பவே சொல்லுதேன்," என்றாள் குழலி. "உன்னாலதான்ல."

"பாத்தீங்களா?"

"ரெண்டு பேரும் வாய மூடிட்டுத் தின்னுங்க," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ என்ன சொல்லுத?"

இருபத்தோரு ஆண்டில் இப்படிக் கேட்பது அபூர்வம். நான் தயாராக இல்லை. "சட்னி போதுமா?" என்று கேட்டுவிட்டேன். குழலி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். பாதித் தோசை அப்படியே இருந்தது.

ஜூலை 14, திங்கள்

முதல் சுற்று திறந்துவிட்டது. இவர் விடுப்பு எடுத்து மடிக்கணினி முன் உட்கார்ந்து ஆறு கல்லூரிகளையும் பதிவிட்டார். நான்காவது கல்லூரி முதலில். புதன் வரை மாற்றலாம். புதன் மாலை ஐந்துக்குள் பட்டியலைப் பூட்டிவிட வேண்டும், அதற்குப் பிறகு கடவுள் வந்தாலும் மாற்ற முடியாது.

இன்று காலையிலிருந்து குழலி இவரோடு பேசவில்லை. என்னோடு சனிக்கிழமையிலிருந்தே.

ஜூலை 15, செவ்வாய்

கீரை வாங்கினேன். ஆயவில்லை.

ஜூலை 16, புதன்

மதியத்தோடு நூலகத்தை உதவியாளரிடம் விட்டுவிட்டு வந்தேன். நான்கு பேரும் கூடத்தில். மணி நாலேகால். இவர் பட்டியலைக் கடைசியாக ஒருமுறை உரக்கப் படித்தார். தணிக்கையில் அப்படித்தான் செய்வார். பிறகு பூட்டும் பொத்தானை அழுத்தினார்.

பூட்டுவதற்கு ஒரு ஓடிபி வேண்டும், ஆறு இலக்கம். அது விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணுக்கு வரும். இவருக்கு அலுவலக அழைப்புகள் ஓயாது என்பதால் இரண்டு பிள்ளைகளுக்கும் என் எண்ணைத்தான் கொடுத்திருந்தார். என் கையில் அலைபேசி அதிர்ந்தது.

"வந்துட்டா?"

"வந்துட்டு."

"சொல்லு."

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தெளிவாக இருந்தது. யாரிடமும் பகிர வேண்டாம் என்று கீழே எழுதியிருந்தது.

"கண்ணாடி எடுத்துட்டு வரவா?" என்றார்.

"தெரியுது. சொல்லமாட்டேன்."

அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து இரண்டாம் முறையும் சொன்னேன். அது தேவைப்படவில்லை. பத்து நிமிடம் கழிந்து அந்த எண் காலாவதியானது. அவர் மறுபடி அழுத்தினார். மறுபடி வந்தது. நான் அலைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். போராட்டங்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். உட்கார்ந்துகொண்டு செய்யக்கூடியது இது ஒன்றுதான்.

"செம்பா, மணி நாலரை. விளையாடுதியா? அஞ்சுக்குள்ள பூட்டலைன்னா முதல் சுத்தே போயிரும். பிள்ளை வாழ்க்கைல்லா?"

"ஆமா."

"அப்போ சொல்லு."

"இந்தப் பட்டியலுக்குச் சொல்லமாட்டேன்."

"பின்ன என்னதான் வேணும் உனக்கு?"

"முதல் இடத்துல அவ கேட்ட காலேஜ் இருக்கணும். அதுக்குக் கீழ உங்க ஆறையும் எந்த வரிசைல வேணும்னாலும் போட்டுக்கோங்க."

அவர் தணிக்கை அலுவலர். ஒரு நொடியில் புரிந்துகொண்டார். "194-க்கு முதல்லயே கிடைச்சிருமே. அப்போ கீழ உள்ளது எதுக்கு?"

"உங்க திருப்திக்கு."

செந்தூரன் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். குழலி அசையவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு முதன்முறை.

"அவளுக்கு அங்க ஒண்ணு ஆச்சுன்னா? ராத்திரி ஒரு மணிக்குக் காய்ச்சல் வந்தா யாரு இருக்கா? நீ போவியா?" என்றார். இப்போது அவர் சத்தம் போடவில்லை. அவருடைய பயம் உண்மையானது என்று எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு இனமும் அதுதான்.

"போவேன்."

"தனியா?"

"தனியா."

"நீ மதுரைய தாண்டித் தனியாப் போனதில்ல."

"போனதில்ல. அதத்தான் சொல்லுதேன்."

மணி நாலு நாற்பத்திரண்டு. நாலு ஐம்பத்தைந்துக்கும் அவர் மசியாவிட்டால் என்ன செய்வேன் என்று நான் முடிவு செய்திருக்கவில்லை. எண்ணைச் சொல்லியிருக்கவும் கூடும். இதை வேறு எங்கும் ஒப்புக்கொள்ளப்போவதில்லை.

அவர் எழுந்தார். சரி என்று சொல்லவில்லை. பின்வாசல் வழியாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் மோட்டாரைப் போட்டார். தொட்டி நிறைந்துதான் இருந்தது. தண்ணீர் வழிந்து முற்றத்தில் கொட்டும் சத்தம் கேட்டது. நாற்காலி காலியாக இருந்தது.

"ஏட்டி, உக்காரு," என்றேன்.

குழலி உட்கார்ந்தாள். கல்லூரியின் குறியீட்டு எண்ணை ஒருமுறை தப்பாக அடித்து அழித்தாள். சென்னை முதலில். அப்பாவின் ஆறையும் அவள் நீக்கவில்லை. அவர் வைத்த வரிசையிலேயே கீழே விட்டாள். பூட்டும் பொத்தானை அழுத்தினாள். மடியில் அதிர்ந்தது.

எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். நூலகத்தில் பேசுகிற குரலில் இல்லை. முற்றத்தில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தையும் மீறி, அங்கே நிற்கிறவருக்கும் கேட்கும்படி.

மணி நாலு ஐம்பத்தொன்று. செந்தூரன் போய் மோட்டாரை நிறுத்தினான்.

ஜூலை 17, வியாழன்

கீரை வாடிவிட்டது. குழலி காலையில் தானாக வந்து வேறு கீரை ஆய்ந்து கொடுத்தாள். ஒரு கட்டு முழுவதும் ஆய்ந்தாள்.

ஜூலை 19, சனி

கிடைத்துவிட்டது. சென்னை, புவித்தகவலியல்.

இவர் என்னோடு இன்னும் பேசத் தொடங்கவில்லை. சாப்பிடுகிறார், குழம்பு வேண்டும் என்றால் கிண்ணத்தை நகர்த்துகிறார். ஆனால் மாலையில் குழலியிடம், "மெட்ராஸ்ல ரயிலு எறங்கி எப்பிடிப் போகணும்?" என்று கேட்டார். அவள் எந்த நிலையத்தில் இறங்கி, எந்தப் பக்கம் வெளியே வந்து, எந்தப் பேருந்து என்று கால்மணி நேரம் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

அவர்கள் பேசி முடித்ததும் செந்தூரனின் அறைக்குப் போனேன். கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சுற்று ஆகஸ்டில். இனி அவன் யாருக்கும் காவல் இல்லை.

"ஏலே, உனக்கு என்ன படிக்கணும்?"

எழுந்து உட்கார்ந்தான். நான் கேலி செய்கிறேனா என்று முகத்தைப் பார்த்தான்.

"தெரியலம்மா," என்றான். "யாரும் கேக்கல்ல, நானும் யோசிக்கல."

"இப்போ கேக்கேன்."

"யோசிச்சுச் சொல்லட்டா?"

"சொல்லு," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.